வெறுங்கையோடு நின்ற குற்றம்

நிற்பது குற்றம் என்று ஒரு சட்டம் வந்தது. சிரிக்காதீர்கள். திருடுவது, அடிப்பது, ஏமாற்றுவது எல்லாவற்றையும் தடைசெய்து முடித்த பிறகு சட்டம் போடுகிறவர்களுக்குப் பொழுது போகவில்லை. வேலையில்லாத விரல் எதையாவது நோண்டாமல் இருக்குமா? கடைசியில் ஏழைபாழைகளின் காலில் கை வைத்தார்கள். 'காரியமின்றி நடைபாதையில் நிற்றல் தடைச் சட்டம்' என்று அதற்கு நீளமாகப் பெயரும் சூட்டினார்கள். முதல் இரண்டு தடவை பிடிபட்டால் எச்சரிக்கை. மூன்றாம் தடவை ஆறு மாதம் உள்ளே.

நாற்சந்திக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த தபால் நிலையத்தின் நீளச் சுவரோரம், விடிந்ததும் கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் இருந்தது. பெயிண்ட் அடிக்கிறவர்கள் பிரஷ்ஷைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கொத்தனார் கரண்டியை வைப்பார், தச்சர் ரம்பத்தை, குழாய் ரிப்பேர்க்காரர் தன் பெரிய ஸ்பானரை. மேஸ்திரிமார் வண்டியை மெல்ல ஓட்டி வந்து தரையைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல. எந்தச் சாமான் வேண்டுமோ அதற்கு நேரே வண்டி நிற்கும், சாமானின் சொந்தக்காரர் ஏறிக்கொள்வார். சுவரின் கடைசியில், குப்பைத்தொட்டி ஓரமாக, சித்தாள்கள் நிற்பார்கள். செங்கல் தூக்க, மணல் சலிக்க, கலவை குழைக்க. அவர்களுக்கென்று சாமான் கிடையாது. சட்டியும் மண்வெட்டியும் வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி கொடுப்பது. அவர்களை மட்டும் அவர் விரலை நீட்டி, "நீ வா, நீ வா, அந்த நெட்டச்சி வா" என்று கத்திரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்குவார்.

எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. கட்டியது யார்? இதே சுவரோரம் நின்றவர்கள்தான். அதில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் விற்கும் கடை வந்தது. கடை முதலாளிக்குக் கண்ணாடி வழியே இந்த வரிசை தெரிவது பிடிக்கவில்லை. முதலாளிக்கு ஒரு மந்திரி சம்பந்தி. அடுத்த கூட்டத்தொடரில் சட்டம் வந்துவிட்டது.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி பெயிண்டரக்கா. இருபது வருஷமாகச் சுவருக்குச் சாயம் பூசுகிறவள். இளக்காரம் அவளுக்குக் கூடப்பிறந்தது. சுவரைத் தேய்க்காமல் பூசுகிறவனைக் கண்டால் இளக்காரம், உருளையால் உருட்டித் தள்ளுகிறவனைக் கண்டால் அதைவிட இளக்காரம், தொழில் என்று ஒன்று கற்காத சித்தாள்கள் என்றாலோ கேட்கவே வேண்டாம். இதில் வேடிக்கை என்னவென்றால் அவளுடைய சொந்த அண்ணன், கொத்தனார், கட்டிக்கொண்டதே ஒரு சித்தாளைத்தான். அகன்ற தோளும் அளந்த பேச்சுமாக இருக்கும் அண்ணி, ஒரே நடையில் பத்துச் செங்கலைத் தலையில் கொண்டுபோவாள். நாத்தனாரின் இளக்காரத்தையும் அதே தலையில்தான் இத்தனை வருஷமாகச் சுமந்தாள்.

அந்த அண்ணிதான் மூன்றாம் தடவை பிடிபட்டாள். ஜாமீனில் வெளியே விட்டிருந்தார்கள். வழக்கு நடந்து முடிந்தால் ஆறு மாதம். வீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அப்போது வந்து சேர்ந்தார் வக்கீல். இளவயசு, பளபளவென்று செருப்பு, காசு வேண்டாம் என்று சொல்கிற வக்கீல். காசு கேட்கிற வக்கீலிடம் ஒரு பயம் போதும். கேட்காதவரிடம் இரண்டு பயம் வேண்டும். அவர் சுவரோரம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துவிட்டுப் பெயிண்டரக்காவின் முன்னால் நின்றார்.

"நீங்கதான் அக்கா நம்ம மனுதாரர்."

"பிடிபட்டது நான். கேஸு அவ பேர்லயா?" என்றாள் அண்ணி.

"உங்க பேர்ல போட்டா உங்களைப் பத்திப் பேசுவாங்க அம்மா. அக்கா பேர்ல போட்டா சட்டத்தைப் பத்திப் பேசுவாங்க. அக்காவும் ஒரு தடவை பிடிபட்டவங்கதானே, அது போதும். அதோட அக்கா கையில பிரஷ் இருக்கு. உங்க கையில என்ன இருக்கு?"

அண்ணி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். காய்ப்பு இருந்தது. அது கணக்கில் வராதாம்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். "கோர்ட்டு ஒரு சட்டம் நல்லதா கெட்டதான்னு பார்க்காது. நாட்டுக்கு அடிப்படையா ஒரு சாசனம் இருக்கில்ல, அதுல மக்களுக்குக் கொடுத்த உரிமையில இந்தச் சட்டம் கை வைக்குதான்னுதான் பார்க்கும். நிக்கிறதுக்குன்னு அதுல எழுதலை. பேசுறதுக்கு எழுதியிருக்கு. அதனால நீங்க நிக்கிறது வெறுமனே நிக்கிறது இல்லை. அது ஒரு பேச்சு."

"நான் அங்க வாயே திறக்க மாட்டேனே தம்பி."

"அதுதான் அழகே. உங்க பிரஷ் பேசுது."

"இவ வாயே திறக்க மாட்டாளாம், கேட்டுக்குங்க!" என்றாள் அண்ணி. கொத்தனார் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பெயிண்டரக்காவும் சிரித்தாள். சட்டம் செல்லாது என்று பெரிய கோர்ட் சொல்லிவிட்டால், அந்தச் சட்டத்தில் போட்ட அண்ணியின் வழக்கும் வேர் அறுந்த மரத்தின் கிளையாகக் காய்ந்துவிடும் என்று வக்கீல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இளக்காரம் இருந்தால் என்ன, அண்ணன் பெண்டாட்டி ஜெயிலுக்குப் போவதை எந்த நாத்தனார் விரும்புவாள்? "பயப்படாதீங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

பெரிய கோர்ட் பெரிதாகத்தான் இருந்தது. தூண்களைப் பார்த்ததும் பெயிண்டரக்காவுக்கு முதலில் தோன்றியது, அடிப்பூச்சு பூசாமலே மேல்பூச்சு அடித்திருக்கிறான் என்பதுதான். உள்ளே சேவகர் ஒருவர் திடீரென்று கத்தினார். எல்லாரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். மூன்று நீதிபதிகள் வந்து உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

"இது மட்டும் காரியத்தோட நிக்கிறதாக்கும்" என்று அண்ணி காதைக் கடித்தாள்.

மூன்று நீதிபதிகளுக்கும் பெயிண்டரக்கா உடனே பெயர் வைத்துவிட்டாள். வலப்பக்கம் கொட்டாவி, இடப்பக்கம் பென்சில், நடுவில் பெரியவர். அரசாங்க வக்கீல் எழுந்து, பாதசாரிகள் தடையில்லாமல் நடப்பதற்காகத்தான் சட்டம் என்றார்.

"அந்தச் சுவரோரம் எத்தனை பேர் நடக்கிறாங்க?" என்று பென்சில் கேட்டார்.

"கணக்கு எடுக்கலை. ஆனா சட்டசபை யோசிக்காமல் செய்திருக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்."

"ஆமாம், ஆமாம்" என்று பென்சில் தலையாட்டினார். "தப்பென்று நிரூபிக்கிறவரை சட்டம் சரியென்றே கொள்ள வேண்டும்."

பார்த்தீர்களா கண்ணுகளா நியாயத்தை! சட்டத்தை எடுத்த எடுப்பில் நம்பிவிட வேண்டும். காலையில் எழுந்து வேலைக்கு வந்து நிற்கிற மனுஷியைச் சந்தேகப்பட்டு வண்டியில் ஏற்றலாம். அவள் தன்னை நிரூபித்துக்கொள்ள வக்கீல் வைக்க வேண்டும். சட்டமோ பிறந்த குழந்தை, அதன்மேல் தூசு படக் கூடாது.

பிறகு 'காரியம்' என்றால் என்ன என்று ஆரம்பித்தார்கள். பேருந்துக்கு நிற்பது காரியம். சரி. வராத பேருந்துக்கு நிற்பது? அதுவும் காரியம்தான் என்றார் அரசாங்க வக்கீல், நம்பிக்கை இருக்கும்வரை. செருப்பு வாரைக் கட்ட நின்றால்? அது நிற்பதா, குனிவதா? காரியம் இருக்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? அங்கே இருக்கிற போலீஸ்காரர். அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்தால் தெரியும். இதில் முற்பகல் கரைந்தது. கொட்டாவி நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று.

நம் வக்கீலின் முறை வந்தது. நன்றாகத்தான் பேசினார், சாமானே பேச்சு என்றார். தரையில் வைத்த கரண்டி 'என்னைக் கூப்பிடு' என்று சொல்கிறது என்றார். நடுவில் இருந்த பெரியவருக்கு அது பிடித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, "மனுதாரர் வந்திருக்கிறாரா? அவரையே கேட்போமே" என்றார்.

பெயிண்டரக்கா எழுந்தாள்.

"நீங்க அங்கே நிற்கும்போது என்னம்மா சொல்றீங்க?"

"பிரஷ்ஷைப் பார்த்தாலே தெரியுமே ஐயா. நாலு அங்குலம் வச்சிருந்தா சுவரு. ஒரு அங்குலம் வச்சிருந்தா ஜன்னல், கதவு. முடி சாய்ஞ்சு தேஞ்சிருந்தா பழக்கப்பட்ட கை. காஞ்சு கட்டியா ஒட்டியிருந்தா கழுவத் தெரியாத சோம்பேறி."

கோர்ட் சிரித்தது. பென்சில்கூடச் சிரித்தார். கறுப்பு அங்கி போட்ட அத்தனை பேர் ஒரே நேரத்தில் தன் பேச்சைக் கேட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அது உச்சிக்கு ஏறியது.

"சரி. அதே சுவரோரம், கையில் எதுவும் இல்லாமல் ஒருவர் நின்றால்? அவர் என்ன சொல்கிறார்?"

வக்கீல் பாதி எழுந்தார். 'வேலை வேணும்னு சொல்றார் ஐயா' என்ற ஒரு வாக்கியம் போதும். நாலு வயசுப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் நுணல் தன் வாயால்தானே கெடும்? சபையைச் சிரிக்கவைத்த வாய்க்கு இன்னொரு தடவை சிரிக்கவைக்க ஆசை.

"அவன் என்னத்தைச் சொல்லப் போறான் ஐயா! வெறுங்கையோட வந்து நிக்கிறவன் வெட்டிப்பய. அவனும் நானும் ஒண்ணா?"

கோர்ட் மறுபடியும் சிரித்தது. பென்சில் எழுதினார். பெயிண்டரக்கா முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அண்ணி எழுந்து கடைசி வரிசைக்குப் போயிருந்தாள்.

அன்றிலிருந்து அண்ணி அவளோடு நேராகப் பேசவில்லை. ஒரே கூடத்தில் மூன்று பேரும் இருந்தாலும் புருஷனைப் பார்த்துத்தான் பேசுவாள். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க டம்ளர் இங்க இருக்குன்னு." கொத்தனார் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். "நான் சித்தாளுங்களைச் சொல்லலை அண்ணி, பொதுவாச் சொன்னேன்" என்று பெயிண்டரக்கா நாலு தடவை ஆரம்பித்தாள். பொதுவாகச் சொன்னாளாம்! பொதுவாக வீசுகிற கல்லும் யாரோ ஒருவர் மண்டையில்தான் விழும்.

தீர்ப்பு வந்தது. தலையணைத் தடிமன். வக்கீல் சாறு பிழிந்து சொன்னார். சட்டம் செல்லும். ஆனால் பேச்சுரிமையைக் காப்பாற்றும்படி அதைச் சற்றே குறுக்கிப் படிக்க வேண்டும். தொழிற்கருவியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நிற்கிறவர் ஏதோ ஒன்றைச் சொல்கிறவர்; அவரைச் சட்டம் தொடாது. வெறுங்கையோடு நிற்கிறவர் எதையும் சொல்லவில்லை என்பதை 'மனுதாரரே இந்த மன்றத்தின் முன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்'. ஆகவே அவரைச் சட்டம் தொடும்.

"பாதி ஜெயிச்சிட்டோம் அக்கா!" வக்கீலுக்கு மூச்சு வாங்கியது. வெளியே இரண்டு டிவிக்காரர்கள் காத்திருந்தார்கள். "கருவிக்குப் பேச்சுரிமை உண்டுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார் கொத்தனார். "என் பொண்டாட்டி எந்தப் பாதியில இருக்கா?"

மறுநாளிலிருந்து சுவரோரம் கூத்துதான். சித்தாள்கள் ஆளுக்கொரு சாமானோடு வந்தார்கள். ஒருத்தி தோசைக்கரண்டி, ஒருத்தன் கைப்பிடி போன சுத்தி, இன்னொருவன் பூட்டில்லாத சாவிக்கொத்து. போலீஸ்காரர் ஒவ்வொன்றாக வாங்கித் திருப்பிப் பார்த்து, இது தொழிற்கருவியா, வீட்டுச் சாமானா என்று யோசித்து யோசித்து வண்டியில் ஏற்றினார். பெயிண்டரக்காவைப் பார்த்தால் மட்டும், "நீங்க நில்லுங்கம்மா, தாராளமா நில்லுங்க" என்பார். அந்த மரியாதையைக் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அண்ணியின் வழக்கு சின்னக் கோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்பை வைத்தே காப்பாற்றிவிடலாம் என்றார் வக்கீல். அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. பிடிபட்ட அன்று அண்ணியிடம் ஒரு துண்டு இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்கிற சும்மாடு. அது கருவிதானே?

சின்னக் கோர்ட் நீதிபதியம்மா அதைத் தள்ளிவிடவில்லை. பெரிய கோர்ட் தீர்ப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"துண்டு சுருட்டியிருந்ததா, விரிஞ்சிருந்ததா?"

"அது முக்கியமா அம்மா?" என்றார் வக்கீல்.

"முக்கியம். சுருட்டியிருந்தா அது சும்மாடு, கருவி. விரிஞ்சிருந்தா வெறும் துணி. துணி பேசும்னு பெரிய கோர்ட் எங்கேயும் சொல்லலை."

இதைச் சொல்லும்போது அந்தம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஒரு துண்டின் மடிப்பில் ஒரு பொம்பளையின் ஆறு மாதம் தொங்குகிறது என்பது அவருக்கு நிலைக்கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. பெரிய படிப்பு படித்தால் இப்படி ஒரு தெளிவு வரும்போல.

சாட்சியாகப் பெயிண்டரக்கா கூண்டில் ஏறினாள். அன்று அவள் நாலடி தள்ளி நின்றிருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தவள். அது குளிர்ந்த காலை. அண்ணி துண்டைத் தலையோடு சேர்த்துக் காதை மூடிப் போர்த்தியிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"சுருட்டியிருந்துதுங்க" என்றாள். "இறுக்கிச் சுருட்டி, தலைக்கு மேல சும்மாடா வச்சிருந்தாங்க. தூரத்துல வர்ற மேஸ்திரிக்கும் தெரியற மாதிரி. என் கண்ணால பார்த்தேன்."

பொய்தான். கோர்ட்டில் அவள் வாயிலிருந்து அண்ணிக்காக வந்த முதல் நல்ல வார்த்தையும் அதுதான். வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். நீதிபதியம்மா எழுதப் போனார்.

"அவ பொய் சொல்றாம்மா" என்றாள் அண்ணி.

கொத்தனார், "ஏய், சும்மா இரேன்டி" என்று பல்லைக் கடித்தார்.

"குளிருச்சு. காதை மூடிப் போர்த்திக்கிட்டு நின்னேன். கையில ஒண்ணும் இல்லை. வெறுங்கையோடதான் நின்னேன்."

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க" என்றார் நீதிபதி. அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சாட்சி உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்றாங்க."

"தெரியுதும்மா. பெரிய கோர்ட்ல ஊரே சிரிக்க வெட்டிப்பயன்னா. இங்க வந்து சும்மாடுங்கறா. அவ எப்ப என்ன சொல்றாளோ அதுவா நான்? அவ தயவுல நான் வீட்டுக்குப் போக மாட்டேன். வேலைக்குத்தான் நின்னேன். கை வெறும் கையாத்தான் இருக்கும். அதுல செங்கல்லை வைக்கிறது மேஸ்திரி வேலை. எழுதிக்குங்க."

நீதிபதியம்மா எழுதிக்கொண்டார். வெறுங்கை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது, ஆகவே குற்றம் நிரூபணம். தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். ஆனாலும் நேர்மையாக உண்மை பேசியதற்காகக் குற்றவாளியை இந்த மன்றம் பாராட்டுகிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பாராட்டு! வாங்கி எந்தப் பானையில் போட்டுக் கொதிக்க வைப்பது? பொய் சொன்ன பெயிண்டரக்காவுக்கு என்ன கிடைத்தது? "இனிமேல் கவனமாப் பேசணும்" என்று ஒரு புத்திமதி. அவ்வளவுதான். அவளிடம் பிரஷ் இருந்ததே.

வெளியே போலீஸ் வண்டி நின்றது. கொத்தனார் பெண்டாட்டியின் பையைச் சுமந்துகொண்டு நடந்தார். "பெரியவனுக்குப் புதன்கிழமை பரீட்சை. எழுப்பி விடுங்க, தானா எழுந்திரிக்க மாட்டான்" என்று அண்ணி சொல்லிக்கொண்டே வந்தாள். பெயிண்டரக்கா பத்தடி பின்னால் வந்தாள். கிட்டே வரத் துணிவில்லை.

வக்கீல் ஓடிவந்தார். வருத்தமாகத்தான் வந்தார், ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு பளபளப்பு இருந்தது. "அம்மா, மனசைத் தளர விடாதீங்க. நீங்க சொன்ன அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, வெறுங்கையாத்தான் இருக்கும்னு, அது பிரமாதம்! அதை வச்சே மறுபடியும் போகலாம். அஞ்சு நீதிபதிங்க உட்காருற பெஞ்சுக்கே போகலாம்."

"போங்க தம்பி" என்றாள் அண்ணி. "ஆனா இந்தத் தடவை என் பேர்ல போடுங்க."

"அது வந்தும்மா... தண்டனை வாங்கினவங்க பேர்ல போட்டா, பார்க்கிறதுக்கு..."

"பார்க்கிறதுக்கு எப்படியோ இருக்கட்டும். நின்னது நான். என்ன சொல்லிக்கிட்டு நின்னேன்னு என்னையே கேட்கட்டும்."

வக்கீல் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் பையை வண்டிக்குள் வைத்தார். பெயிண்டரக்கா அப்போதுதான் இரண்டடி முன்னால் வந்தாள்.

"அண்ணி, அந்தக் கேஸு நடக்கிற அன்னைக்கு நானும் வந்து, நான் சொன்னது தப்புன்னு அவங்ககிட்ட..."

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அண்ணி அவளை நேராகப் பார்த்தாள்.

"நீ வராத."

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். இஞ்சின் கனைத்துக் கிளம்பியது. கொத்தனார் மூக்கைச் சிந்திப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"அவ சொன்னா சொன்னதுதான்" என்றார். "நீ வெளியிலயே நில்லு."